உறைபனியில் ஆந்தை: இறகும் இரையும் குறித்த ஒரு மறுபார்வை

1. கேள்வி

கனடாவின் வடகோடியில் உள்ள பைலட் தீவில் கூடு கட்டிய பெண் பனி ஆந்தைகள் சிலவற்றுக்குச் செயற்கைக்கோள் வழியே இடம் காட்டும் கருவிகளைப் பொருத்தி, அவை குளிர்காலத்தை எங்கே கழிக்கின்றன என்று தேரியன், கோத்தியே, பெத்தி ஆகிய மூவர் ஆராய்ந்தனர். 2011இல் வெளிவந்த அந்த ஆய்வு எதிர்பாராத செய்தியொன்றைச் சொன்னது. கருவி பொருத்திய பறவைகளில் பெரும்பாலானவை ஆர்க்டிக்கை விட்டுத் தெற்கே இறங்கவில்லை. சில பறவைகள் வாரக்கணக்கில் உறைகடலின் மேலேயே இருந்தன. பனிக்கட்டிகளுக்கு நடுவே உறையாமல் கிடக்கும் நீர்ப்பரப்புகளை ஒட்டி அவை நடமாடின. அங்கே கூடும் கடல்வாத்துகளை வேட்டையாடியே அவை பிழைத்தன என்று ஆய்வாளர்கள் கருதினர்.

மரம் இல்லை, பொந்து இல்லை. பல வாரங்களுக்குச் சூரியனும் இல்லை. அந்த வெட்டவெளியில் ஏறத்தாழ இரண்டு கிலோ எடையுள்ள ஒரு பறவை தன் உடற்சூட்டை 40 டிகிரி செல்சியசை ஒட்டி வைத்திருக்கிறது. வெளியே சுழியத்துக்குக் கீழ் 30 டிகிரி என்றால், தோலுக்கு உள்ளும் இறகுக்கு வெளியும் 70 டிகிரி வேறுபாடு. இது எப்படி முடிகிறது?

வழக்கமாகத் தரப்படும் விடை, அடர்த்தியான இறகு. அது சரியான விடைதான். ஆனால் முழு விடை அல்ல. வெப்பம் காத்தலை ஒரு வரவு செலவுக் கணக்காகக் கொண்டால், இறகு செலவைக் குறைக்கிறது. வரவு இரையிலிருந்து வருகிறது. பொதுவாசிப்புக்கான எழுத்துகளில் செலவுப் பக்கமே பேசப்படுகிறது. வரவுப் பக்கத்தையும் சேர்த்துப் படித்தால், குளிரைக் காட்டிலும் பசியும் ஈரமுமே ஆந்தைக்குப் பெரிய ஆபத்து என்பது புலப்படும். இக்கட்டுரை முதலில் இறகுக் காப்பு பற்றிய நிலைபெற்ற புரிதலைத் தொகுக்கிறது. பிறகு அதன் எல்லைகளை ஆராய்கிறது. இறுதியில், குளிர்காலம் சூடேறிவரும் இன்றைய நிலையில் இவ்வாதத்தின் பொருள் என்ன என்று பார்க்கிறது.

2. நிலைபெற்ற புரிதல்: இறகுக் காப்பு

இத்துறைக்கு அடித்தளமிட்ட ஆய்வுகள் 1950இல் வெளிவந்தன. பெர் ஷோலாண்டர், லாரன்ஸ் இர்விங் முதலியோர் அலாஸ்காவின் பாயின்ட் பாரோவைச் சேர்ந்த பாலூட்டிகளையும் பறவைகளையும் வெப்பமண்டலமான பனாமாவின் விலங்குகளோடு ஒப்பிட்டனர். குளிருக்குத் தகவமைய ஓர் உயிருக்கு மூன்று வழிகள் உண்டு: உடற்சூட்டையே தாழ்த்திக்கொள்ளலாம், ஓய்வு நிலையிலும் உடல் உண்டாக்கும் வெப்பத்தைக் கூட்டலாம், வெப்பம் வெளியேறுவதைத் தடுக்கலாம். முதல் இரண்டிலும் துருவ விலங்குகளுக்கும் வெப்பமண்டல விலங்குகளுக்கும் இடையே தட்பவெப்பத்தைச் சார்ந்த வேறுபாடு இல்லை என்று அவர்கள் கண்டனர். வேறுபாடு மூன்றாவதில்தான் இருந்தது. துருவ விலங்கு அதிகம் எரிப்பதில்லை, குறைவாக இழக்கிறது.

ஆந்தைகளுக்கு இம்முடிவு எவ்வளவு பொருந்தும் என்பதை ஜேம்ஸ் கெஸ்ஸமன் 1972இல் வெளியிட்ட பனி ஆந்தை ஆய்வு காட்டியது. அதன் இறகுப் போர்வையின் வெப்பக் காப்புத்திறன் அண்டார்டிக்காவின் அடேலி பென்குயினுக்கு நிகரானது என்று அறியப்பட்டது. ஆய்வகத்தில் சுழியத்துக்குக் கீழ் 93 டிகிரி வரை குளிர்விக்கப்பட்ட சூழலில் ஐந்து மணி நேரம் இப்பறவை தாக்குப்பிடித்தது. பூமியின் வட பாதியில் மனிதர் வாழும் எந்த ஊரிலும் அவ்வளவு குளிர் பதிவானதில்லை.

இதன் இயக்கம் எளியது. வெப்பத்தைத் தடுப்பது இறகு என்னும் பொருள் அல்ல; இறகுகளுக்கிடையே அசையாமல் சிறைப்பட்டிருக்கும் காற்று. தோலை ஒட்டி மென்மையான தூவி. அதன்மேல் ஒன்றன்மேல் ஒன்றாகப் படியும் உடல் இறகுகள். அந்த உடல் இறகுகளின் அடிப்பகுதியும் தூவிபோல் பஞ்சுத்தன்மை உடையதே. ஒவ்வோர் இறகின் வேரிலும் உள்ள சிறு தசைகள் சுருங்கும்போது இறகுகள் நிமிர்கின்றன. காற்று அடுக்கு தடிக்கிறது. குளிரில் ஆந்தை உருண்டையாகத் தெரிவது இதனால்தான். பெரும் சாம்பல் ஆந்தை இதற்குத் தெளிவான சான்று. நீளத்தில் அது பனி ஆந்தையை மிஞ்சும். எடையிலோ பெரும்பாலும் ஒரு கிலோவை ஒட்டியே நிற்கும். கண்ணுக்குத் தெரியும் பருமனில் பெரும்பகுதி இறகும் காற்றும்தான்.

நடத்தையும் இக்காப்பில் ஒரு பங்கு. காற்று வீசும்போது பனி ஆந்தை பாறைக்கோ பனிமேட்டுக்கோ மறைவாகத் தரையோடு தாழ்ந்து உட்காரும். கால்கள் வயிற்று இறகுக்குள் புதைந்துவிடும். அலகைச் சுற்றியுள்ள மயிர்போன்ற இறகுகள் அதை ஏறக்குறைய மூடிவிடும். இறகில்லாத இடங்கள் எவையோ அவையே வெப்பம் கசியும் வாயில்கள். அவை அனைத்தையும் பறவை அடைத்துவிடுகிறது. இவ்வளவும் போதாதபோது பறக்கும் தசைகளை நடுங்கச் செய்து வெப்பம் உண்டாக்குகிறது. பாலூட்டிகளின் குட்டிகளில் காணப்படும் வெப்பம் தரும் பழுப்புக் கொழுப்பு பறவைகளுக்கு இல்லை. அவற்றுக்கு உள்ள முதன்மை வழி தசை நடுக்கமே. நடுக்கத்துக்கு எரிபொருள் வேண்டும். அந்த எரிபொருள் எங்கிருந்து வருகிறது என்னும் கேள்வியோடு இறகு விளக்கம் தன் எல்லையைத் தொடுகிறது.

3. கால்விரல்கள் சொல்லும் சிக்கல்

இறகு விளக்கத்துக்கு ஆதரவாக அடிக்கடி காட்டப்படுவது ஆந்தையின் கால். பனி ஆந்தையின் விரல் இறகுகள் சராசரியாக 33 மில்லிமீட்டர் நீளமுடையவை. நகங்கள் மட்டுமே வெளியே தெரியும். அமெரிக்கக் கொம்பு ஆந்தைக்கு அந்நீளம் 13 மில்லிமீட்டர் அளவே. தமிழ்நாட்டுப் பாறைக் குன்றுகளில் வாழும் கொம்பன் ஆந்தை, இன்றைய வகைப்பாட்டின்படி, பனி ஆந்தையின் பேரினத்தையே சேர்ந்தது. அதன் விரல்களின் கடைசிக் கணு வெறுமையானது. நம் நீர்நிலைகளை ஒட்டி வாழும் மீன் ஆந்தைக்கோ காலிலும் இறகு இல்லை. வெப்ப நாட்டிலிருந்து துருவம் நோக்கிச் செல்லச் செல்லக் கால் மூடிக்கொண்டே போகிறது என்று முடிவு கட்டுவது எளிது.

ஆனால் 1936இல் லியோன் கெல்சோவும் எஸ்டெல் கெல்சோவும் அமெரிக்க ஆந்தைகளின் கால் இறகை ஆராய்ந்தபோது வெப்பநிலையை மட்டும் கணக்கில் எடுக்கவில்லை; வாழிடத்தின் ஈரப்பதத்தோடும் உயிர் மண்டலங்களோடும் பொருத்திப் பார்த்தனர். அந்த எச்சரிக்கை மதிக்கத்தக்கது. ஏனென்றால் காலுக்கு வேலைகள் பல. இரையின் கடியிலிருந்து காப்பது, இரைமேல் பாயும்போது ஓசையைத் தணிப்பது ஆகியவையும் கால் இறகின் பயன்களாக முன்வைக்கப்பட்டுள்ளன.

இவற்றைச் சீர்தூக்க உதவும் பறவை ஒன்று உண்டு. ரஷ்யாவின் தூரக்கிழக்குக் காடுகளிலும் ஜப்பானின் ஹொக்கைடோ தீவிலும் வாழும் பிளேக்கிஸ்டன் மீன் ஆந்தை, உலகின் மிகப் பெரிய ஆந்தைகளுள் ஒன்று. கடுங்குளிரிலும் உறையாமல் ஓடும் ஆற்றுப் பகுதிகளில் இறங்கி மீன் பிடிப்பது அதன் வாழ்க்கை. தெற்கத்திய மீன் ஆந்தைகளின் கால்கள் இறகற்றிருக்க, இதன் கால் இறகால் மூடியிருக்கிறது. விரல்கள் மட்டும் வெறுமையாகவே உள்ளன. நீரில் முங்கும் விரலில் இறகு இருந்தால் அது நனையும், உறையும். குளிர் காலை மூடச் செய்தது. மீன் விரலைத் திறந்தே வைத்தது. இப்படி வாசிப்பதே சான்றுகளுக்குப் பொருந்துகிறது. ஆந்தையின் உடலில் குளிர் தனியாக எதையும் எழுதுவதில்லை. இரையும் கூடவே நின்று எழுதுகிறது.

4. வெண்மை வெப்பத்துக்கா?

பனி ஆந்தையின் வெண்மையும் வெப்பம் காக்கத்தான் என்ற கருத்து பரவலாக உண்டு. இதற்கு எதிராக, கருமை வெயிலை உறிஞ்சும், ஆகவே வெண்மை குளிரில் இழப்பே தரும் என்றும் வாதிடலாம். வால்ஸ்பெர்க், கேம்பெல், கிங் ஆகியோர் 1978இல் புறா இறகுகளைக் கொண்டு செய்த ஆய்வு இந்த எளிய எதிர்வாதத்தைக் குலைத்தது. காற்று இல்லாதபோது கருநிற இறகே அதிக வெப்பம் பெறுகிறது. காற்று வலுத்து, இறகுகளும் நிமிர்ந்திருக்கும்போது நிலைமை தலைகீழாகிறது. கருமையில் கதிர்கள் மேற்பரப்பிலேயே உறிஞ்சப்பட, காற்று அவ்வெப்பத்தை அடித்துச் செல்கிறது. வெண்மையிலோ கதிர்கள் சிதறி ஆழமாக உட்புகுகின்றன. வெப்பம் தோலருகே தங்குகிறது.

காற்று ஓயாத தூந்திராவுக்கு இது பொருத்தமான விளக்கமாகத் தோன்றும். ஆனால் இரண்டு தடைகள் உண்டு. ஒன்று, வெப்பம் மிகத் தேவைப்படும் துருவ இரவில் உறிஞ்சுவதற்குக் கதிரே இல்லை. இரண்டாவது தடை பறவையின் வாழ்க்கையிலேயே இருக்கிறது. வெறுந்தரையில் முட்டைகளின்மேல் ஒரு மாதத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து அடைகாப்பது பெண். வெண்மை முதன்மையாக வெப்பத்துக்கு என்றால் பெண்ணே தூய வெண்மையாக இருக்க வேண்டும். உண்மையில் முதிர்ந்த ஆணே வெள்ளை. பெண்ணின் உடலில் கரும்பட்டைகள் நிறைந்துள்ளன. பனி உருகிய தரையில் அவை அவளை மறைக்க உதவும். வெண்மையால் வெப்ப ஆதாயம் இருந்தாலும் அது துணைப்பயனே. நிறத்தை முதலில் தீர்மானித்தது பார்வை சார்ந்த தேவை என்பதே வலுவான வாசிப்பு.

5. ஓர் இனம், இரு நிறம்

நிறமும் காப்பும் சிக்கலாகப் பின்னிக்கிடப்பதை ஐரோப்பிய டானி ஆந்தை இன்னும் நுட்பமாகக் காட்டுகிறது. இவ்வினத்தில் சாம்பல், செம்பழுப்பு என இரு நிறவகைகள் உண்டு. நிறம் மரபுவழி வருவது. பின்லாந்தில் நீண்டகாலம் திரட்டிய தரவுகளைக் கொண்டு கரெல் குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வின்படி, பனி மிகுந்த கடுங்குளிர் ஆண்டுகளில் செம்பழுப்புப் பறவைகள் அதிகம் மடிந்தன. குளிர்காலங்கள் மென்மையானபோது அந்தப் பாதகம் தளர்ந்தது. செம்பழுப்பின் விகிதம் உயர்ந்தது.

ஏன் என்பதற்கு இரு விடைகள் உள்ளன. கோஸ்கென்பாட்டோ குழுவினர் 2016இல் உடல் இறகுகளை நுணுகிப் பார்த்து, சாம்பல் பறவைகளின் இறகமைப்பு அடர்த்தியானது என்று காட்டினர். இது காப்பு விளக்கம். அதே குழு 2020இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, பனி படர்ந்த காட்டில் சாம்பல் பறவையைக் கண்டுபிடிப்பது கடினம் என்று காட்டியது. இது மறைவு விளக்கம். இவற்றில் ஒன்றைத் தேர்ந்து மற்றதை ஒதுக்க வேண்டியதில்லை. பனிக்காலக் காட்டில் பகலில் கண்ணில் பட்ட ஆந்தையைச் சிறு பறவைகள் கூட்டமாகச் சூழ்ந்து விரட்டும். ஒவ்வோர் இடமாற்றமும் ஆற்றலைத் தின்னும். மறைந்திருப்பதும் ஒருவகையில் வெப்பச் சிக்கனமே. இரு விளக்கங்களும் ஒரே கணக்கின் இரு வரிகள் என்று கொள்வதே பொருத்தம்.

6. வரவு: இரையும் சேமிப்பும்

பெரிய உடல் வெப்பத்தை மெதுவாக இழக்கும் என்பது பழைய விதி. பிக்மி ஆந்தை அந்த விதியின் பாதகமான பக்கத்தில் நிற்பது. 60 கிராமை ஒட்டிய எடை. உள்ளங்கையில் அடங்கும் உடல். தடித்த இறகைச் சுமக்க அவ்வுடலில் இடமில்லை. சிறிய துருவப் பாலூட்டிகளுக்குக் கனத்த மயிர்ப்போர்வை இயலாது, அவை பனிக்கடியில் ஒதுங்கியே பிழைக்கின்றன என்று ஷோலாண்டர் குழுவும் உணர்ந்திருந்தது. பிக்மி ஆந்தை பின்லாந்தின் குளிர்காலம் முழுவதும் காட்டிலேயே தங்குகிறது. அது பெரும்பாலும் வெளிச்சத்திலும் அந்தி மங்கலிலும் வேட்டையாடும் பறவை. நடுக்குளிரில் அங்கே பகல் சுமார் ஐந்து மணி நேரம்தான். மீதிப் பொழுதை உண்டதைக் கொண்டே ஓட்ட வேண்டும்.

அதன் விடை சேமிப்பு. இலையுதிர்காலத்தின் இறுதியில் குட்டைவால் எலிகளையும் சிறு பறவைகளையும் பிடித்து மரப்பொந்துகளிலும், மனிதர் மரத்தில் பொருத்திய கூட்டுப்பெட்டிகளிலும் அடுக்கி வைக்கிறது. குளிர் அவற்றைக் கெடாமல் காக்கிறது. எந்தக் குளிரை எதிர்த்து உயிர்வாழ வேண்டுமோ அந்தக் குளிரே களஞ்சியக் காவலனாகவும் இருக்கிறது.

உறைந்து கல்லாகிப் போன எலியைக் கிழிப்பது எப்படி? சோரன் போண்ட்ரப்-நீல்சன் 1977இல் இதை விவரித்தார். வேறு இரு சிறிய ஆந்தைகளான போரியல் ஆந்தையும் சா-வெட் ஆந்தையும் உறைந்த இரையின்மேல் அடைகாக்கும் நிலையில் அமர்ந்தன. வயிற்று இறகுகளை விரித்து, முட்டையை மூடுவதுபோல் அந்த எலியை மூடி, உடற்சூட்டால் இளக்கின. இளகிய பின்னரே உண்டன. கணக்கின் முழு உருவமும் இக்காட்சியில் இருக்கிறது. வெப்பம் பெறுவதற்காக உணவு. உணவைப் பெறுவதற்காகவே முதலில் வெப்பம் செலவிடப்படுகிறது. முதலீடு செய்யும் அளவுக்குக்கூடச் சூடு மிச்சமில்லாத பறவைக்கு நிறைந்த களஞ்சியமும் உதவாது.

உண்ட பிறகும் ஓர் ஆதாயம் உண்டு. செரிமானம் தானே வெப்பம் பிறப்பிக்கும். நார்வேயில் பெக், பிரெஸ்டெங் இருவரும் 2004இல் வெளியிட்ட டானி ஆந்தை ஆய்வு, இவ்வெப்பம் வீணாவதில்லை, குளிரில் நடுங்கி உண்டாக்க வேண்டிய வெப்பத்துக்கு ஓரளவு ஈடாகிறது என்று காட்டியது. இரை உடலுக்குள் சென்ற நேரத்திலிருந்தே காப்பின் ஒரு பகுதியாகிவிடுகிறது.

7. கணக்கு தவறும் இடம்: கூகை

ஒரு விளக்கத்தின் வலிமை அது தோற்கும் இடத்தில்தான் தெரியும். எல்லா ஆந்தைகளும் குளிரை வெல்வதில்லை. ஐரோப்பாவின் கூகை, தமிழ்நாட்டின் பழைய கட்டடங்களிலும் கோபுரங்களிலும் தங்கும் கூகைக்கு மிக நெருங்கிய உறவு. அக்குடும்பம் பெரும்பாலும் வெப்ப நாடுகளில் பரவியது. கடுங்குளிர் ஆண்டுகளில் ஐரோப்பாவில் கூகைகள் பெருமளவில் மடிகின்றன. அதே நிலத்தில் வாழும் நீள்செவி ஆந்தையும் டானி ஆந்தையும் அவ்வளவாக மடிவதில்லை. மஸ்ஸெமினும் ஹாந்திரிக்கும் 1997இல் இம்மூன்றையும் ஒப்பிட்டு இரு காரணங்களை முன்வைத்தனர்: கூகையின் இறகுக் காப்பு வலுக்குறைந்தது, உடலில் சேரும் கொழுப்பும் குறைவு.

அதாவது செலவும் அதிகம், சேமிப்பும் குறைவு. இதில் எது முதன்மை என்று பிரித்துச் சொல்வது கடினம். பிரிக்க வேண்டியதும் இல்லை. காப்புக் குறைந்த பறவைக்கு ஒவ்வொரு நாளும் கூடுதல் எலிகள் தேவை. பனி தரையை மூடும்போது எலிகள் அதன் அடியில் மறைகின்றன. பெரும் சாம்பல் ஆந்தை பனிக்கடியில் ஓடும் எலியைச் செவியால் அறிந்து, பாய்ந்து, பனியைத் துளைத்துப் பிடிக்கும். கூகையால் அவ்வாறு முடிவதில்லை. தேவை உச்சத்தில் இருக்கும் அதே நாட்களில் வரவு நின்றுவிடுகிறது. கொழுப்பு சில நாட்களில் தீர்ந்துவிடும். அங்கே முடிவு நேர்கிறது. கொன்றது குளிரா பசியா என்று கேட்டால், குளிர் உயர்த்திய செலவைப் பசி ஈடுகட்ட விடவில்லை என்பதே விடை.

ஈரமும் இத்தோடு சேர வேண்டும். ஓசையின்றிப் பறக்க உதவும் ஆந்தை இறகின் மென்மை நீரைத் தடுப்பதில் பின்தங்கியது. கூகையின் இறகு எளிதில் நனையும். நனைந்த இறகில் காற்று அடுக்கு குலைகிறது. மழையில் பறப்பதும் கடினம், ஈர இலைகளின் ஓசையில் எலியின் சலசலப்பைக் கேட்பதும் கடினம். வறண்ட உறைகுளிரைவிடச் சுழியத்தை ஒட்டிய மழைக்குளிர் ஆந்தைக்குக் கொடியதாக இருக்கக்கூடும்.

8. சூடேறும் குளிர்காலம்

கேள்வியை வெப்பநிலையாக மட்டும் பார்ப்பவருக்குப் புவி சூடேறுவது வடக்கத்திய ஆந்தைகளுக்கு நல்ல செய்தியாகத் தோன்றும். சான்றுகள் வேறு சொல்கின்றன.

மேற்கு பின்லாந்தின் கௌஹாவா வட்டாரத்தில் 2003 முதல் 2018 வரை பிக்மி ஆந்தைகளின் களஞ்சியங்களைக் கண்காணித்து, மசோயெரோ, லாக்சோனென், மொரோசினோட்டோ, கோர்பிமாக்கி ஆகியோர் 2020இல் முடிவுகளை வெளியிட்டனர். இலையுதிர்காலத்தில் உறைபனி வராமல் மழை நாட்கள் கூடியபோது சேமித்த இரை அதிகம் அழுகியது. அழுகிய களஞ்சியத்தைப் பயன்படுத்திய பெண் பறவைகள் அதே வட்டாரத்தில் மீண்டும் பிடிபடும் வாய்ப்பு குறைந்தது. அவை இறந்திருக்கலாம் அல்லது இடம்பெயர்ந்திருக்கலாம், இரண்டும் இழப்பே.

வடகிழக்கு கிரீன்லாந்தின் கதை இன்னும் கடுமையானது. அங்கே பனி ஆந்தையின் இனப்பெருக்கம் லெம்மிங் எலிகளின் பெருக்கச் சுழற்சியைச் சார்ந்தது. 2000ஆம் ஆண்டை ஒட்டி அச்சுழற்சி குலைந்தது. ஷ்மிட் குழுவினர் 2012இல் வெளியிட்ட ஆய்வின்படி அங்கே பனி ஆந்தைக் குஞ்சுகளின் உற்பத்தி 98 விழுக்காடு வீழ்ந்தது. இறகில் எந்தக் குறையும் நேரவில்லை, இரை போனது. நார்வேயில் கௌஸ்ரூட் குழுவினர் 2008இல் இதன் அடிப்படைக் காரணமொன்றைக் காட்டினர். குளிர்காலத்தின் ஈரப்பதமும் வெப்பநிலையும் மாறும்போது, தரைக்கும் பனிக்கும் இடையே லெம்மிங் வாழும் இடைவெளி கெடுகிறது. 2017இல் பனி ஆந்தை அழிவாய்ப்புள்ள இனமாக உலகச் சிவப்புப் பட்டியலில் உயர்த்தப்பட்டதை இப்பின்னணியில் படிக்க வேண்டும்.

எதிர்ச்சான்றையும் பதிவு செய்வது நேர்மை. தெற்கே திரளாக வரும் பனி ஆந்தைகள் பட்டினியால் விரட்டப்பட்டவை என்ற நம்பிக்கை நெடுநாள் நிலவியது. கர்க் குழுவினர் 2018இல் அதை மறுத்தனர். வட அமெரிக்காவில் அவ்வாறு வந்த பறவைகளில் பெரும்பாலானவை பட்டினி கிடக்கவில்லை என்று காட்டினர். லெம்மிங் பெருகிய ஆண்டில் குஞ்சுகள் பெருகுவதும் அத்தகைய வரவுக்குக் காரணமாகலாம். ஆகவே எல்லா நடமாட்டத்தையும் பசியின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. ஆயினும் இதிலும் ஆந்தையின் இயக்கத்தைத் தீர்மானிப்பது இரைதான், வெப்பமானி அல்ல.

9. முடிவுரை

ஷோலாண்டர் காலத்து முடிவு இன்றும் நிற்கிறது: குளிர்நாட்டு ஆந்தை குறைவாக இழப்பதால் வாழ்கிறது. அதோடு இன்னொன்றைச் சேர்க்க வேண்டும். குறைவாக இழப்பது காலம் வாங்கித் தருகிறது. அந்தக் காலத்துக்குள் இரை கிடைத்தாக வேண்டும். பனி ஆந்தைக்கு இறகு வாங்கித் தரும் அவகாசம் நீளமானது, பிக்மி ஆந்தைக்குக் குறுகியது, கூகைக்கும் நெருக்கடியானது. ஒவ்வொன்றின் காலும் நிறமும் களஞ்சியமும் இந்த அவகாசத்தை ஒட்டியே அமைந்துள்ளன.

இதிலிருந்து பாதுகாப்புக்கும் ஒரு பாடம் கிடைக்கிறது. ஓர் ஆந்தை எத்தனை டிகிரி வரை தாங்கும் என்ற ஆய்வக எண் அதன் எதிர்காலத்தைச் சொல்லாது. ஆய்வகக் கூண்டில் இரை தேட வேண்டியதில்லை, களஞ்சியம் அழுகுவதில்லை. காட்டில் பொந்துள்ள முதுமரங்கள் நிற்கின்றனவா, பனிக்கடியில் எலிகள் பிழைக்கின்றனவா, உறைபனி உரிய காலத்தில் வருகிறதா என்பவையே கேட்க வேண்டிய கேள்விகள். பல லட்சம் ஆண்டுகளில் நெய்யப்பட்ட இறகுப் போர்வையை நம்மால் கெடுக்க முடியாது. அதற்குள் எரியும் சூட்டுக்கு விறகாகும் சிற்றுயிர்களின் உலகை நாம் கெடுத்துக்கொண்டிருக்கிறோம். ஆந்தையைக் காக்க விரும்புபவர் முதலில் அந்தச் சிற்றுயிர்களைக் காக்க வேண்டும்.